முகத்தில் குத்திய ஊசி

மரக்காணம்,
மார்ச் 23

அன்பு மகள் சில்வியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். ஓசூர் ஹாஸ்டல் முகவரியை அம்மாவிடம் வாங்கினேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

இங்கே எல்லோரும் சுகம். உப்பு வார ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. விடியற்காலை பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுகிறோம். அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போகிறாள். யாருக்காக வேண்டுகிறாள் என்று உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் அக்குபஞ்சர் செய்துகொண்டேன்.

டிசம்பரில் உன் இடது பக்க முகம் இழுத்துக்கொண்டபோது, மூன்று மாதத்தில் சரியாகலாம் என்று ஓசூர் டாக்டர் சொன்னார். பாதிதான் சரியாகியிருக்கிறது, கண் இன்னும் முழுசாக மூடவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கீழ்புத்துப்பட்டில் ஊசி வைக்கிற டாக்டரம்மாவைப் பற்றி அம்மா சொன்னதற்கு, முகத்தில் ஊசியா, செத்தாலும் மாட்டேன் என்றாய். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தான் குத்திப் பார்க்காத ஊசியைப் பெண்ணுக்குக் குத்தச் சொல்வது சரியில்லை என்று தோன்றியது. அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஊசி என்றால் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். நாய் கடித்தபோது என்னை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

என்னோடு உப்பு வாருகிற ஆராயி அக்கா முழங்கால் வலிக்கு அங்கேதான் போகிறது. வெறும் வயித்துல போவாத, தலை சுத்தும் என்றது. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். போனதும் குத்துவார்கள் என்று பயந்துகொண்டிருந்தால், அரைமணி நேரம் கேள்விதான். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாம் எழுதிக்கொண்டார். நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். உப்பு வெளிச்சத்தில் எனக்குத் தலைவலி வருவதைச் சொன்னேன். பிறகு உன்னைப் பற்றியும் சொல்லி, அவளுக்கு எங்கே குத்துவீர்களோ அங்கே எனக்கும் குத்துங்கள் என்றேன். நோவு இல்லாத இடத்தில் குத்தமாட்டேன், இது வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை என்றுவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், தலைவலிக்கும் முகத்தில் இடம் உண்டு, படுங்கள் என்றார்.

புது பாக்கெட்டைப் பிரித்துத்தான் எடுத்தார். ஒருமுறை குத்தியதைத் திரும்ப யாருக்கும் குத்துவதில்லையாம். ஊசி தலைமுடி கனம்தான். காலிலும் கையிலும் மூன்று, முகத்தில் நாலு. புருவத்துக்கு நடுவே வைத்தது தெரியவே இல்லை. கையில் வைத்ததும் உள்ளே கனமாக இழுத்தது. சொன்னவுடன் கொஞ்சம் தளர்த்தினார். கன்னத்தில் வைத்தது வலித்தது. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பத்து எண்ணுவதற்குள் அந்த வலி போய்விட்டது.

அப்படியே இருபது நிமிஷம் படுத்திருக்க வேண்டும். அப்போது திரையை விலக்கிக்கொண்டு எங்கள் மேஸ்திரி தட்சணாமூர்த்தி வந்து நின்றார். இடுப்பு வலிக்கு வந்தவர், கட்டில் மாறி வந்துவிட்டார். என்னா ஏசு, மூஞ்சியில என்னாப்பா இது என்றார். என் கை தானாகத் துண்டைத் தேடியது. ஊசியோடு எப்படி மூடுவது. அவர் பார்க்கிற மட்டும் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் ஜனவரியில் நடந்த உன் மாமா பையன் ஜான்சன் கல்யாணம் ஞாபகம் வந்தது. போட்டோக்காரர் கூப்பிட்டபோது உன் பக்கத்தில் வந்து, மாஸ்க் போட்டுக்கோம்மா என்று சொன்னது நான்தான். நீ போட்டுக்கொண்டாய். பந்தியிலும் கழற்றவில்லை. வைத்ததெல்லாம் வைத்தபடி இருக்க, இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். எதிர் வரிசையில் இருந்து அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாய். இத்தனை நாளும், சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று அம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அது சின்ன விஷயம் இல்லை என்று அந்தக் கட்டிலில்தான் தெரிந்தது.

நான் சொன்னது தப்பு. உன் நல்லதுக்குச் சொன்னதாக நினைத்தேன். ஊருக்குப் பயந்துதான் சொன்னேன்.

மறுநாள் பாத்தியில் எல்லோரும் டீ குடிக்கும்போது நானே சொன்னேன். என் பொண்ணுக்கு வாய் கோணிப்போயிருக்குது, அவளுக்கு முன்னாடி நான் ஊசி குத்திப் பார்த்தேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பாப்பா எப்ப வருது என்று ஆராயி அக்கா கேட்டது. மேஸ்திரி எனக்கு இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தார்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊசியை எடுத்ததும் ஒரு இடத்தில் பொட்டு ரத்தம் வந்தது. கன்னத்தில் நீலம் கட்டி மூன்று நாளில் போனது. உடனே எழுந்திருக்க விடவில்லை, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் அசந்து தூங்கினேன். தலைவலி இரண்டு நாள் இல்லை, மூன்றாம் நாள் வந்துவிட்டது. இந்தச் செவ்வாயும் போனேன். இன்னும் நாலு தடவை போவேன்.

உன்னைக் குணமாக்கிவிடுவேன் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஓசூர் டாக்டரின் மருந்தையும் முகப் பயிற்சியையும் விடக்கூடாது, ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆறு தடவை பார்ப்போம், மாற்றம் இல்லை என்றால் நானே நிறுத்திவிடுவேன் என்றார். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவரிடம் போகலாம் என்று உனக்குத் தோன்றினால் சேர்ந்து போவோம். பக்கத்துக் கட்டிலில் நான் படுத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம், இதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டோம். முகம் இப்படியே இருந்தாலும் இருக்கட்டும். நீ வந்தால் போதும்.

குருத்து ஞாயிறுக்கு வா. முந்தின நாள் காலையில் ஓசூரில் ஏறினால் மத்தியானம் திண்டிவனம். பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பேன். நீ எந்த பஸ் என்று சொல்ல வேண்டாம், எல்லா பஸ்ஸையும் பார்ப்பேன். அன்றைக்கு வரவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமையும் வந்து நிற்பேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். இந்தக் காகிதத்தில் சிலுவை போட்டு அனுப்புகிறேன். நேரில் வந்தால் உன் நெற்றியில் போடுவேன்.

உன் அப்பா
ஏசுராஜ்