ஏபிள் விகுதியும் என் சம்பந்தியும்

இடவ மாதம் 18, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. மனம் நிலைகொள்ளவில்லை. வரிசையாக எழுதினால் அடங்கும்.

1. வாசகசாலைச் சொற்பொழிவு சம்பந்திக்குப் போனது.
2. அவர் எழுத்தில் நான் கண்ட பிழை.
3. அதை நான் சொல்லாததற்குக் காரணம் மரியாதை.

முதலாவது. ஆங்கிலச் சொற்களில் ஒட்டியிருக்கும் லத்தீன் விகுதிகள்: இருபது வருஷமாக நான் சீட்டு எழுதிச் சேர்த்த விஷயம். பேசப்போவது அவர். மத்தியானம் காகிதக் கட்டோடு வந்தார்.

"ஓய் சம்பந்தி, நாளன்னிக்குப் பேசணும். தப்பு இருந்தா சொல்லிடும்."

படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். என் உதாரணங்கள் அகராதியில் எடுத்தவை. அவருடையவை சாலைக் கடைத்தெருவில் பொறுக்கியவை. பிஸ்கட் டப்பாவில் 'ப்ரிசர்வேஷன்': ஷன், செயலுக்குப் பெயர். நகைக்கடைப் பலகையில் 'ஆர்னமென்ட்': மென்ட், லத்தீனில் மெந்தும், செயலுக்கான சாதனம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

இரண்டாவது. ஏபிள் விகுதி, 'திறமையுள்ள' என்னும் ஏபிள் சொல்லே வந்து ஒட்டியது என்கிறார். இல்லை. சொல்லுக்கு மூலம் ஹபிலிஸ், விகுதிக்கு அபிலிஸ். வேறு வேறு.

"பேஷ்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியைத் திருத்தலாமா? அவள் அந்த வீட்டில் வாழ்கிறவள்.

19, வெள்ளி

தூறல். அகராதி பார்த்தேன். நான் நினைத்ததே சரி. சந்தோஷம் வரவில்லை.

என் மனைவி: "வாசகசாலைக்காரா முதல்ல உங்களைத்தானே கூப்பிட்டா? யோசிச்சுச் சொல்றேன்னேள். ஒரு மாசம் யோசிச்சேள்."

சம்பந்தி வீடு அடுத்த தெரு. குடையை எடுத்தேன். வைத்தேன்.

21, ஞாயிறு

நேற்று கூட்டம். ஜன்னலோரமும் ஆள். பிஸ்கட் டப்பாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. ஏபிள் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது.

ஓய்வுபெற்ற காலேஜ் வாத்தியார், மலையாளி, எழுந்தார். "அதெங்ஙனெ சரியாகும் சாமி? சொல்லும் விகுதியும் ரண்டும் வேறெயல்லே?"

சம்பந்தி கலங்கவில்லை. என்னைக் காட்டினார். "எங்க சம்பந்தி பார்த்தாச்சு. அவர் கண்ணுக்கு ஒரு தப்பும் தப்பாது."

எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்தேன். "பிழைதான். நான் கவனிக்கவில்லை." பொய்.

திரும்பும்போது ஒரே குடை. என் பக்கமே சாய்த்துப் பிடித்தார்.

"சபையில என் தப்பை உம்ம தலையில ஏத்துண்டேரே. பெரிய மனசு ஓய் உமக்கு."

குடையை அவர் பக்கம் தள்ளினேன்.

வியாழனன்று மூன்றாவதாக எழுதியது தவறு. மரியாதை அல்ல.