நசுக்காத முள்

பண்டமாரான், கிள்ளான்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை உஷாராணிக்கு, அக்கா லோகேஸ்வரி எழுதுவது.

விஷ்ணுப்ரியாவின் கண்ணில் ஏறிய தூண்டில் முள்ளைக் கட்டிக் கொடுத்தது நான்தான். உன் மகள் பார்க்காமல் இழுத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னேனே, அது பாதிதான். மீதி இதில் இருக்கிறது. போன ஞாயிறு முதல் நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் வாயால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். சிங்கப்பூரில் நீ தங்கியிருக்கும் விலாசத்தை உன் நாத்தனார் புனிதாவிடம் கேட்டு வாங்கினேன்.

உனக்குத் தூண்டில் விவரம் தெரியாது, அதனால் சொல்கிறேன். பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்குச் சக்கரம் வைத்த தூண்டிலை என் கடையில் நான் விற்பதில்லை. எட்டடிக் கம்பு, கம்பு நீளத்துக்கே நைலான் நரம்பு, ஒரு தக்கை, அதற்குக் கீழே மிளகு அளவில் இரண்டு ஈயக்குண்டு, கடைசியில் ஒரு சின்ன முள். ரொட்டியைப் பிசைந்து முள்ளில் வைத்தால் போதும். முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கமாக ஒரு பல் நீட்டிக்கொண்டிருக்கும். குத்திய முள் திரும்பி வராமல் பிடிப்பது அதுதான். மீன் வாய் என்றும் பிள்ளை விரல் என்றும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே பிள்ளைகளுக்கு விற்கும் ஒவ்வொரு செட்டிலும் அந்தப் பல்லை இடுக்கியால் நசுக்கித்தான் கொடுப்பேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் புழு விற்ற காலத்திலிருந்து அதுதான் என் வழக்கம். "அக்கா, உங்க முள்ளுல மீன் வந்து ரொட்டி தின்னுட்டு டாட்டா காட்டிட்டுப் போகுதுலா" என்று அப்பாமார் கிண்டல் செய்வார்கள். போகட்டும், அதுக்கும் பசிதானே என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

உன் வீட்டுக்காரர் குகன் இறந்து, விஷ்ணுப்ரியாவை என்னிடம் விட்டு நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிட்டு அவளை உலு லங்காட் ஆற்றுக்குக் கூட்டிப்போவேன். முழங்கால் தண்ணீர்தான், பயமில்லை. முள் ஏறியதற்கு முந்தின வாரம் மூன்று லம்பாம் மீன் அவள் கைக்கு வந்து நழுவிவிட்டன. பக்கத்தில் வந்திருந்த பிள்ளைகளின் வாளி நிறைந்திருந்தது. அவள் அழவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் கல்லாவுக்கு எதிரே நின்று, "பெரியம்மா, உங்க சரக்கு சரியில்ல, மாத்திக் குடுங்க" என்றாள். எட்டு வயசு. கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பேசினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. குறை சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் சரக்கை மாற்றிக் கொடுத்துத்தான் நான் இந்தக் கடையை வளர்த்தேன். அவளுக்கும் மாற்றிக் கொடுத்தேன். இடுக்கி மேசை மேல்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் மீன் நழுவவில்லை. உள்ளங்கை அளவு இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டினாள். அடுத்த தடவை முள் தண்ணீருக்கடியில் ஏதோ வேரில் மாட்டியது. இழுத்தாள். விடுபட்டு நேராக முகத்துக்கு வந்தது. நான் ஓடிப்போய் நரம்பைப் பிடித்தேன். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் "காக், ஜாங்கான் தாரிக்" என்று என் கையைத் தட்டிவிட்டார். இழுக்காதே என்றார். அவரே நரம்பை வெட்டி, கண்ணை ஒரு காகிதக் கப்பால் மூடி, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நீ வந்து சேருமுன் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பல் உள்ள முள்ளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது இல்லாதிருந்தால் எடுப்பது சுலபமாக இருந்திருக்கும், உள்ளே இவ்வளவு கிழிந்திருக்காது என்றார். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. கட்டுப் போட்டுப் படுத்திருந்த பிள்ளை, "நான் பார்க்காம இழுத்ததாலதானே, பெரியம்மா?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்தைத்தான் சொன்னேன், உஷா.

போன ஞாயிறு காஜாங்குக்குப் போயிருந்தேன். உன் நாத்தனார் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள், அதில் குறையில்லை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், இன்னொரு ஆபரேஷன் பற்றி மார்ச்சில் சொல்வார்களாம். புனிதா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு வேறொன்று சொன்னாள். பிள்ளை எதையும் இழுப்பதில்லையாம். அலமாரி இழுப்பறை, ஐஸ்பெட்டிக் கதவு, பள்ளிப்பையின் ஜிப், எதுவானாலும் யாராவது வந்து திறந்து கொடுக்கும்வரை நிற்கிறாளாம். கேட்டால், "நான் இழுத்தா ஏதாச்சும் ஆயிடும் அத்தை" என்கிறாளாம்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். பல்லை நசுக்காதது நான், உன் மேல் தப்பே இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "அப்போ ஏன் ம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

வாசல்வரை வந்த புனிதா, "நீங்க சொல்லாம இருந்திருந்தா பள்ளி திறக்கும்போது பிள்ளை உங்ககிட்டதான் திரும்பி வந்திருக்கும் அக்கா. உஷாவும் அப்படித்தான் சொல்லியிருந்தா" என்றாள். தெரியும் என்றேன். இனி அப்படி அனுப்ப முடியாது என்றாள். அதையும் ஒத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் செட் விற்பதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்கள் வேறு கடையில் பல் உள்ளதை வாங்குவார்கள். இப்போது வாங்குகிறவர் கண் முன்னாலேயே நசுக்குகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், அவளுக்கு நீதான் வேண்டும். என்னைத் திட்டுவதற்காவது ஒரு தடவை கூப்பிடு. அவளிடம் பேசும்போதெல்லாம் உன் தப்பில்லை என்று சொல். நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் சார்பில் புனிதா பேசி, நான் சம்மதித்தது இது. பிள்ளை காஜாங்கிலேயே படிப்பாள். அவளுடைய துணி, புத்தகம், சைக்கிள் எல்லாம் சனிக்கிழமைக்குள் என் லோரியில் போய்ச் சேரும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை, புனிதா வீட்டில், புனிதா கூட இருக்கும்போது நான் அவளைப் பார்க்கலாம். வெளியே கூட்டிப்போகக் கூடாது. வர வேண்டாம் என்று அவளே சொல்லும் மாதத்தில் நான் போகக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அக்கா
லோகேஸ்வரி