அடுப்புச் சாம்பலும் உன் சீமாட்டியும்

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மேல்துண்டை எடுக்க முன்னறைக்குப் போனவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். ராத்திரி பெய்த மழையில் ஊறிய மண்சுவரின் வாடையையும், பூசைப் பெட்டியின் பழைய மரவாடையையும் அமுக்கிவிட்டு ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. பூனை மூத்திர நாற்றம். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நம் இரண்டு பேரையும் பாடாய்ப் படுத்திய அதே நாற்றம், அதே மூலை. உன் சீமாட்டி பெட்டியின் மேல் உட்கார்ந்து முன்காலை நக்கிக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி நக்கத் தொடங்கினாள்.

நீ 'அவள்' என்பாய், நான் 'அது' என்பேன். இப்போது நானும் 'அவள்' என்றுதான் எழுதுகிறேன், பார்த்தாயா?

உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. இருந்தவரை ஒரு வரி எழுதியதில்லை. பக்கத்திலேயே இருந்தவளுக்கு எதை எழுதுவது? உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. நான் படிக்க நீ கேட்டுக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்கிறேன். நடுநடுவே நீ குறுக்கே பேசுவாய் என்பதும் தெரிந்ததுதான்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்தப் பூனைக்கு இப்போது என்ன வந்தது? இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தவள், நீ போய்ச் சில மாதங்கள் கழித்து மறுபடி ஏன் வீட்டுக்குள் இதைச் செய்கிறாள்? அடுத்த வீட்டு ஆரோக்கியம் அக்காள், அது உன்னைத் தேடுகிறது என்கிறாள். அக்காள் சொல்லும்போது சரியாகத்தான் படுகிறது. வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. தேடுகிறவள் வாசலில் போய்த் தேடலாம், உன் பாயை முகர்ந்து பார்க்கலாம். சாமியாருடைய பூசைப் பெட்டிக்கு அருகில் போய் ஏன் நனைக்க வேண்டும்? அவளுக்கு என்மேல் ஏதாவது கோபமா? என்னிடம் கோபப்பட அப்படி என்ன இருக்கிறது? வேளாவேளைக்கு நான் சோறு வைக்கத்தான் செய்கிறேன்.

அல்லிநகரத்திலிருந்து நாம் புறப்பட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். கம்பத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றினார்கள். நீ பிறந்து வளர்ந்த தெருவைவிட்டு அதுவரை ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. மாட்டுவண்டியில் சட்டிபானை, உன் மரப்பெட்டி, என் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே சாக்கில் கட்டிய சீமாட்டி. வழியைப் பார்த்தால் பூனை திரும்பி ஓடிவிடும், சாக்கைத் திறக்கவே கூடாது என்று வண்டிக்காரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சின்னமனூர் வரை அவள் கத்தினாள். உத்தமபாளையத்துக்கு மேல் கத்தவும் தெம்பில்லை. நீ வழி முழுக்கச் சாக்கின்மேல் கையை வைத்து அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாத்தியாருக்கென்று ஊரார் கொடுத்த வீட்டுக்கு இரண்டே அறை. அடுப்பங்கரையோடு சேர்ந்த உள்ளறை நமக்கு. முன்னறை பேருக்குத்தான் நம்முடையது. சாமியார் குதிரையில் வந்து பூசை வைக்கும்போது தங்குவதற்கு அவருடைய கட்டிலும், பூசைச் சாமான்கள் வைத்த பெட்டியும் அங்கே கிடந்தன. வந்த அன்று பால் காய்ச்சினோம், தீர்த்தம் தெளித்தோம். சாக்கை அவிழ்த்ததும் சீமாட்டி பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தவள், மறுநாள் காலைவரை வெளியே வரவில்லை. வந்தபோது மூலை நனைந்திருந்தது.

புது இடம், பயந்திருக்கிறாள் என்று நீ சொன்னாய். அடுப்பிலிருந்து சாம்பலை உடைந்த சட்டியில் அள்ளிக்கொண்டு வந்து அந்த ஈரத்தின்மேல் கொட்டி, உறிஞ்ச விட்டு, கூட்டி எடுத்துச் சாணி மெழுகினாய். எல்லா வீட்டிலும் செய்வதுதான். மறுநாளும் அங்கேயே நனைத்திருந்தாள். மறுபடி சாம்பல், மறுபடி சாணி. வேப்பிலை பரப்பிப் பார்த்தோம். மிளகாய்த் தூளைத் தூவினோம், நான்தான் தும்மினேன். பெட்டியை நகர்த்தினோம், பெட்டி இருந்த இடத்துக்கும் சேர்த்து அவள் பாத்தியதை கொண்டாடினாள். உள்ளே வைத்துப் பூட்டினால் உள்ளறையில் செய்தாள். உனக்கு மெழுகி மெழுகி இடுப்பு ஒடிந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த நாற்றம் சட்டையோடு கூடவே வந்தது.

அந்த நாள்களில் என்னை இன்னொன்றும் குழப்பியது. நீயும் இந்த வீட்டில் ஒட்டவில்லை. உன் மரப்பெட்டியில் வண்டியில் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. ஒரே சேலையைத் துவைத்துத் துவைத்து உடுத்தினாய், பெட்டியைத் திறக்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் பேச்சுக் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவாய். நான் எது கேட்டாலும் "ம்." பூனையிடம் மட்டும் கதை கதையாய்ப் பேசினாய். உங்கள் இருவரில் யாரைச் சமாதானப்படுத்துவது, யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோயில்பிள்ளை வந்தார். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், மணியடிக்கிறவர், ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. முன்னறையில் கால் வைத்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வாத்தியாரே, திருநாளுக்குச் சாமி வாராக. இந்த நாத்தத்துல அவுக எப்படித் தங்குவாக? பூனைய ஆத்துக்கு அங்கிட்டு விட்டுருங்க. இல்லையின்னா வேற வாத்தியார அனுப்புங்கன்னு ஊரு கேக்கத்தான் செய்யும்."

அவர் மிரட்டவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார். வேலை போனால் வீடும் போகும். அல்லிநகரத்தில் நாம் குடியிருந்த வீட்டுக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. நான் சாக்கை எடுத்தேன். ஆறு தாண்டினால் பூனைக்கு வழி தெரியாது என்பார்கள். கட்டுவதற்குக் கயிறு தேடினேன், கிடைக்கவில்லை. நீ எழுந்து உள்ளே போனாய். உன் பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாய்.

"இதைப் போட்டுக் கட்டுங்க. சாக்குல இடமிருந்தா என்னையும் அங்கனயே விட்டுட்டு வந்துருங்க."

வந்ததிலிருந்து நீ என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். கோபத்தில் சொன்னாயா, நிஜமாகவே சொன்னாயா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வழக்கம்போல உடைந்த சட்டியில் சாம்பலைக் கொண்டுவந்து மூலையில் கொட்டினாய். கொட்டிவிட்டு நிமிரக்கூட இல்லை. சீமாட்டி உன் காலுக்கு இடையில் நுழைந்து சாம்பலை முகர்ந்தாள், முன்காலால் பிறாண்டினாள், நம் இரண்டு பேர் கண்முன்னாலேயே கூச்சமில்லாமல் உட்கார்ந்தாள். முடித்துவிட்டுச் சாம்பலைத் தள்ளி அழகாக மூடினாள். நீ சட்டியும் கையுமாக அவளையே பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். இந்த வீட்டில் நீ சிரித்த முதல் சிரிப்பு.

"இங்கேருங்க, இவளுக்குக் கொல்லையை நாமதான் தினமும் வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டிக்கிட்டு இருக்கோம்."

உண்மைதான். அல்லிநகரத்தில் அடுப்பங்கரைக்குப் பின்னால் சாம்பல் மேடு இருந்தது. குட்டியிலிருந்து அவள் போய்வந்த இடம் அது. இந்த ஊரில் யாரும் சாம்பலைக் கொட்டி வைப்பதில்லை, கத்தரிச் செடிக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் போய்விடுகிறது. விடிந்ததும் ஆரோக்கியம் அக்காள் கூடையோடு வந்து நம் அடுப்புச் சாம்பலையும் வழித்துக்கொண்டு போவாள். அதனால் இந்த வீட்டில் சாம்பல் கிடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், நாம் மெழுகுகிற மூலை. அவளுக்கு அதைவிட வேறு எப்படிச் சொல்ல முடியும்?

அன்றே நீ கொல்லையில் முருங்கை மரத்தடியில் சாம்பலைக் கொட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் விட்டாய். மூலையில் கொட்டாமல் வெந்நீர் ஊற்றிக் கழுவி, அவள் சோற்றுச் சட்டியை அங்கே வைத்தாய். சாப்பிடுகிற இடத்தில் அசிங்கம் பண்ணமாட்டாள் என்று ஒரு கணக்கு. போகிறபோக்கில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் நேர்ந்துகொண்டாய். மறுநாள் கூடையோடு வந்த ஆரோக்கியம் அக்காளிடம், இனிமேல் சாம்பல் கிடையாது என்றாய். புதிதாக வந்தவள் சாம்பலுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறாள் என்று அக்காளுக்கு முகம் சுருங்கிப்போனது. விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்து சிரித்தவள், அப்படியே மதியம்வரை பேசிக்கொண்டிருந்தாள். கயிறு அவிழ்ந்து கிடந்த பெட்டியிலிருந்து அன்று சாயங்காலம் நீ சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாய். பூனை ஒழுங்காகிவிட்டது. நீயும்தான் என்று சொன்னால் அடிக்க வருவாய்.

திருநாளுக்குச் சாமியார் வந்தார், படுத்தார், எழுந்தார். நாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூனை இருப்பதால் எலி வராது, அங்கிகளைக் கடிக்காது என்று சந்தோஷப்பட்டார். பக்கத்தில் நின்ற கோயில்பிள்ளை, அதனால்தான் பூனை வேண்டுமென்று தானும் சொன்னதாகத் தலையாட்டினார்!

அதற்கப்புறம் நமக்குள் வந்த வழக்கு உனக்குத் தெரியும். சாம்பலால்தான் தீர்ந்தது என்று நான். அந்தோனியார்தான் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நீ. சாம்பலைக் கண்டுபிடித்ததே நீதானே என்றால், "அதைக் காட்டுனது யாரு?" என்பாய். அத்தனையும் ஒரே நாளில் செய்ததால் எது பலித்ததென்று சாட்சி சொல்ல ஆளில்லாமல் போனது. அந்தோனியார்தான் காரணம் என்றால் தினமும் விடிந்ததும் உடைந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். அதற்கு மட்டும் நீ பதில் சொன்னதே இல்லை.

மாசியில் உனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. அணை கட்டும் வேலைக்கு மலைமேல் போனவர்கள் கொண்டுவந்தது என்று ஊரில் சொன்னார்கள். மலைப்பக்கமே போகாத உனக்கு ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதற்குமேல் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கு இத்தோடு நிறுத்துகிறேன். மூலையைத் துடைக்க வேண்டும்.

எழுதி வைத்துச் சில நாள்கள் ஆகிவிட்டன. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மூலையைத் துடைக்கச் சாம்பல் இல்லை. நம் அடுப்பில் துளிகூட இல்லை. ஆரோக்கியம் அக்காள் வீட்டுக்குப் போய் ஒரு கை சாம்பல் கேட்டேன். கூடையில் அள்ளிக் கொடுத்தவள், என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

"ஒங்க வீட்டு அடுப்பு எரிஞ்சு எம்புட்டு நாளாச்சு வாத்தியாரே?"

நீ போன நாளிலிருந்து அக்காள் வீட்டுச் சோறுதான். வேண்டாம் என்று சொல்ல நானும் மறந்துவிட்டேன், அவளும் நிறுத்தவில்லை. கொல்லையில் போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் நீ கொட்டியதையெல்லாம் மழை கரைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் கோரை முளைத்துக் கிடந்தது. அங்கேயே நின்றேன். உன்னைத் தேடுகிறாள் என்று அக்காள் சொன்னாள். சாம்பலைத் தேடித்தான் அது முன்பு கிடந்த மூலைக்குப் போனாளோ என்னவோ. சாம்பலைத் தேடினால் உன்னைத் தேடியதாகாதா? அதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று அடுப்பு மூட்டினேன். ஈர விறகு, வீடெல்லாம் புகை, கண்ணெல்லாம் நீர். புகையால் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை, குடித்தேன். நீ போனபின் நம் வீட்டில் நான் குடித்த முதல் கஞ்சி. காலையில் உடைந்த சட்டியில் சாம்பலை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சீமாட்டி பாதி வழிவரை வந்து உட்கார்ந்து நான் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபின்தான் போனாள்.

மூலை இப்போது காய்ந்திருக்கிறது. தினமும் அடுப்பு எரிகிறது, தினமும் ஏதோ வேகிறது, நானும் சாப்பிடுகிறேன். விடிந்ததும் உடைந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போகிறேன். எதற்கு என்று யாராவது கேட்டால் நானும் பதில் சொல்வதாக இல்லை. ஆனால் ஒன்று. அடுப்பு மூட்டிய அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் ஏற்றிவிட்டேன். இந்த முறையும் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டேன். எது பலித்ததென்று சண்டை போடத்தான் ஆளில்லை.