தாத்தாவுக்கு மூன்று பதக்கம்

மே 6, செவ்.
வெயில். கரண்ட் இல்லை. பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

சேகருக்கு வயது பத்தொன்பது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியலில் மகன் பெயரும் இருப்பதாக வார்டு ஆபீஸ் பக்கமிருந்து தகவல். அதனால் ரஷ்யாவுக்குப் படிக்க அனுப்புகிறேன். போருக்குப் போகாமலிருக்க, போர் நடத்தும் நாட்டுக்கு. என் எட்டாம் வகுப்பு மூளைக்கு வேறென்ன தோன்றும்.

லான்மடா பேட்டையில் ரஷ்ய மொழி சொல்லித்தரும் சயா, அதாவது வாத்தியார், சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். அந்த நாட்டு வழக்கமாம்: ஒன்பதாம் தேதி, பழைய போரில் வென்ற நாள், வீட்டில் போருக்குப் போனவர் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம். மாணவர்களும் தூக்க வேண்டுமாம். "வீரர் இல்லாத குடும்பம் உண்டா?" என்றாராம் சயா. உண்டு. எங்கள் குடும்பம்.

மே 7, புத.
இருப்பது என் தாத்தா படம் ஒன்றுதான். ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்டபோது ஊரே இந்தியாவுக்கு நடந்தது. இவர் மூன்று நாள் நடந்தார். காலில் கொப்புளம். திரும்பி வந்து, போர் முடியும்வரை யாருடைய மாட்டுக் கொட்டகையிலோ பதுங்கல்.

மனைவி: "தீபாவளி வெடிக்கே கட்டிலுக்கடியில போவாராம். அவரையா தூக்கிட்டுப் போறீங்க?"

போட்டோக் கடை காசிம் பாய் கம்ப்யூட்டரில் உடுப்பு மாட்டிவிடுகிறார்.

"எந்தப் பட்டாளம் அண்ணே? வெள்ளைக்காரனா, ஜப்பானா? எனக்கு எல்லாம் ஒரே வேலைதான்."

"ஜெயிச்ச பட்டாளமாப் பாத்துப் போடுங்க பாய்."

"பதக்கம்?"

"மூணு."

தாத்தா இப்போது கல்யாண பாண்டுக்காரர் மாதிரி. சேகர் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?"

மே 9, வெள்.
மழைக்குப் பயந்து ஊர்வலம் ஹாலுக்குள்ளேயே. செக்குமாடு மாதிரி. அத்தனை பேர் தாத்தாவும் கேப்டன். சிப்பாய் ஒருவர்கூட இல்லை, யார் சுட்டார்களோ. பாதிப் பேருக்கு ஒரே உடம்பு, காசிம் பாய் உபயம். 'போர்தான் மனிதனை மனிதனாக்குகிறது' என்று சயா முழங்கினார். கொசு கடித்தாலே லீவு விடுகிறவர். அப்பன்கள் கைதட்டினோம். நானும்தான், பலமாக.

ஒரு ரஷ்யப் பெண்மணி வந்திருந்தார். அவர் கையில் கலர் படம். டீ-ஷர்ட் போட்ட பையன், பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறான். சயா அவரைக் கடைசி வரிசைக்கு நகர்த்தினார்: "இன்று பழைய போருக்கு மட்டும்."

நகர்ந்தவர் எங்கள் பக்கத்தில் நின்றார். தாத்தா படத்தைக் காட்டி ஏதோ கேட்டார். சேகர் திக்கித் திணறிப் பதில் சொன்னான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

பஸ்ஸில் கேட்டேன்.

"தாத்தா எங்க செத்தாருன்னு கேட்டாங்க. சாகல, ஓடி ஒளிஞ்சுக்கிட்டாரு, பதக்கம் கடையில வச்சதுன்னு சொல்லிட்டேன்."

"பாவி. அவங்க?"

"அந்தப் படம் அவங்க மகனாம். பட்டாளத்துல போன வருஷம் செத்தானாம். என்னைய ரஷ்யாவுக்கு வராதேன்னாங்க."

கடிதம் சட்டைப் பையில். சயா கையெழுத்துப் போட்டுவிட்டார். வாங்கும்போது இரண்டு கையும் நீட்டிக் கும்பிட்டேன்.

மே 10, சனி
அனுப்பவில்லை. முடிவு. பெரிய ஞானி, ஒரு தாய் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு வார்டு ஆபீஸ் ஆள், கையில் பட்டியல். "ஊலே, மகன் எங்கே?" மாமா என்று கூப்பிடும் மரியாதைக்குக் குறைவில்லை. சேகர் பின்னறையில், வெங்காய மூட்டைக்குப் பின்னால்.

"ரஷ்யா போயிட்டான்" என்றேன். சயாவின் ரஷ்ய மொழிக் கடிதத்தைக் காட்டினேன். நேராகவோ தலைகீழாகவோ பிடித்துக்கொண்டு முழுக்கப் படித்தான். பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டினேன். எனக்கும் எது மேல், எது கீழ் என்று தெரியாது.

பட்டியலில் சேகர் பெயர்மேல் கோடு அடித்தான்.

"குடுத்து வச்சவன்" என்றான்.

சேகர் இனி ஜன்னல் பக்கம் போகக்கூடாது.