முதுகுக்குக் கீழே ஒரு கை

கிண்ணியா,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் அப்ராவும் சுகம். உங்கள் உம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மருந்தைக் குடிக்கச் சொல்லி நான் கெஞ்சுவதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வழமைபோல நடக்கிறது. தோஹாவில் வெயில் தணிந்ததா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் கடல் என்று நான் வாய் திறந்ததும் உங்களுக்கு உடனே வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் நாளை பயணப்படும் பக்கத்து வீட்டு சஜீத்தின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட ஏலாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்ராவைக் கடலில் மிதக்கவைக்க உங்கள் சம்மதம் வேண்டும். ஐந்து வயதாகியும் கழுத்து நிற்காத பிள்ளையைக் கடலிலா இறக்குவது என்று நீங்கள் கேட்பது இங்கேயே கேட்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். இன்னும் பயம் போகவில்லை. ஆனால் இப்படிப் பிள்ளைகளை மிதக்கவைக்கும் வெளிநாட்டுக் குழு இந்த மாதக் கடைசியில் போய்விடும். பிறகு வாடைக் காற்று தொடங்கினால் சித்திரை வரைக்கும் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொண்டுபோக முடியாது.

அந்தக் குழுவுக்கு நான் மொழிபெயர்க்கப் போவது உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

விடிய முதல் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போவோம். டவுனில் அந்நேரம் ரோட்டில் நிற்பது ஊருக்குள்ளேயே திரியும் அந்த மான்கள்தான். பஸ் வந்தாலும் யோசித்து யோசித்துத்தான் விலகும். உள்துறைமுகக் கரையில் தண்ணீர் அசையாமல் ஆடை படிந்த பாலைப்போல் கிடக்கும். தூரத்துக் கப்பல்கள் நிற்பது தண்ணீரிலா வானத்திலா என்று தெரியாது. நடக்காத, பேசாத பிள்ளைகள் அதில் மல்லாந்து மிதப்பார்கள். காதுகள் தண்ணீருக்குள், கண்கள் மேலே. வீட்டில் எந்நேரமும் முறுக்கிக்கொண்டு கிடக்கும் விரல்கள் அங்கே ஒவ்வொன்றாக விரியும். யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. நாங்கள் நித்திரையில் நடப்பவர்களைப்போல அவர்களோடு மெல்ல மெல்ல நடப்போம். கரையேறிய பிறகும் நெடுநேரம் எனக்குக் கால் நிலத்தில் பாவாது.

குழுவை நடத்துவது ஹருகா. ஜப்பானில் பிசியோதெரபி செய்கிறவர். தன்னுடைய லீவில், தன் செலவில் வந்திருக்கிறார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. தன் பிள்ளையைத் தாய் தாங்கக் கூடாது. தாயின் பயம் கை வழியே பிள்ளையின் முதுகுக்குள் இறங்கி, பிள்ளை விறைத்துவிடுமாம். அதனால் ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி தாங்குவாள். நான் தாங்குவது தர்சனை. சல்லிக் கிராமத்தில் கருவாடு போடும் கமலாதேவி அக்காவின் மகன். முதல் நாள் என் கழுத்தை இறுக்கிப் பிடித்தவன், இப்போது என் உள்ளங்கையில் முதுகை வைத்துவிட்டு மேகம் பார்க்கிறான்.

ஆழப் பக்கமாக நெதர்லாந்து மார்த்தென் நிற்பார். அங்கே அவர் பள்ளிக்கூட ஆசிரியர். போட் ஏதும் போனால் எழும் அலையைத் தன் முதுகில் வாங்கி உடைத்துவிடுவார். கடைசிப் பிள்ளை கரையேறும்வரை அந்த இடத்தை விட்டு அசைந்ததை நான் கண்டதில்லை.

முடிந்ததும் முழங்கால் தண்ணீரில் வட்டமாக நின்று, அன்றைக்கு உதவிய ஒருவருக்கு ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது வருகிறதா? கூட நிற்கிற சனத்துக்கு ஆராவது நன்றி சொல்லுவினமே? வெக்கமா இருக்குது எண்டு கமலாதேவி அக்கா சிணுங்கினார். பிறகு மார்த்தெனைப் பார்த்து, இந்த நெடுவல் எங்கட வளவில நிண்டா தேங்காய்க்கு ஆள் தேடத் தேவையில்லை என்றார். நான் அதை நன்றி என்றே மொழிபெயர்த்தேன். மார்த்தென் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். என்னையும் அக்கா விடவில்லை. உன்ர அபாயா தோணிப் பாய் மாதிரி ஊதுது பிள்ளை, ஒரு காத்தடிச்சா பஸ் இல்லாமலே கிண்ணியாவுக்குப் போய்ச் சேருவாய் என்றார். வாயால் சொல்ல வராததைச் சட்டியில் கொண்டுவரும் ஆட்கள் நாங்கள். ஹருகா ஒரு நாள் சூடைமீன் பொரியலைப் புகழ்ந்துவிட்டார். மறுநாள் தாய்மார் எல்லாரும் சூடைமீனோடு வந்தோம். பாவம், அவர் எல்லாச் சட்டியிலும் ஒவ்வொரு துண்டு தின்றார்.

இவ்வளவு நாளும் அப்ரா கரையில், குடைக்குக் கீழே பாயில் கிடந்து பார்ப்பாள். போன சனிக்கிழமை நான் தர்சனோடு தண்ணீரில் நிற்கும்போது, ஒருச்சாய்ந்து கிடந்தவள் உருண்டுவிட்டாள். தானாக உருண்டாள், மச்சான். மணல் சரிவில் இன்னுமொரு புரள். அலையின் நுனி அவள் பாதத்தைத் தொட்டது. என் கையில் அடுத்தவள் பிள்ளை, விட்டுவிட்டு ஓட ஏலாது. கரையில் நின்ற கமலாதேவி அக்கா ஓடிப்போய் அள்ளினார். அப்ரா அழவில்லை. புறா குனுகுவதுபோல ஒரு சத்தம் அவள் தொண்டையில் இருந்து வந்தது. நாங்கள் இருவரும் இதுவரை கேட்டிராத சத்தம்.

தண்ணிக்குள்ள கொண்டு வரட்டே? என்று அக்கா கேட்டார். வேண்டாம், வாப்பா இன்னும் ஓம் சொல்லவில்லை என்றேன். கடல் வாப்பாவைக் கேட்டே இவளைத் தொட்டது? என்று ஒரு குத்தல் விட்டார். ஆனால் இறக்கவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு, பாதத்தில் மட்டும் அலை படும்படி கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சுனாமி அலை வந்த காலையில் உங்கள் தங்கச்சி உம்மு குல்சுமின் கை உங்கள் கையில் இருந்ததென்று, நாம் கல்யாணம் முடித்த வருஷம் ஒரேயொரு தடவை சொன்னீர்கள். பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கமாட்டேன். அன்றைக்கு உங்களுக்கிருந்த பன்னிரண்டு வயதில் ஒரு பையனின் கை எவ்வளவு சின்னது என்று மட்டும், தர்சனின் விரல்கள் தண்ணீரில் விரியும்போதெல்லாம் நினைக்கிறேன்.

வேண்டாம் என்றால் அப்ரா கரையில்தான் இருப்பாள். நான் கோபிக்கமாட்டேன். ஓம் என்றால் அவளைக் கமலாதேவி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, என் கையைத் தர்சனின் முதுகுக்குக் கீழே வைத்துக்கொள்வேன். ஹருகா பக்கத்தில் நிற்பார். மார்த்தென் ஆழத்தை மறைத்துக்கொண்டு நிற்பார். இவர்களை நம்பி என் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் தோன்ற வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். போன் எடுத்து அப்ராவின் காதில் சொல்லுங்கள். உங்கள் குரலுக்கு அவள் முகம் திரும்பும் விதத்தில் எனக்கு விளங்கிவிடும்.

அல்லாஹ் உங்கள் கைகளின் பாரத்தை லேசாக்கி வைப்பானாக.

உங்கள்,
ஜுமானா