கரையாத கம்பி

12-1-1974, சனி

ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டின் வெந்நீர்த் தொட்டிக்குள் இருந்த மக்னீசியக் கம்பி ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிட்டது. தொட்டி இருப்பது மாடிப்படிக்கு அடியில். ஃபிட்டர் ஏழுமலை படுத்தபடியே பழையதைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் கம்பி ஒன்றை மாட்டினான்.

“மக்னீசியம்தானே போடணும், ஏழுமலை? அது கரைஞ்சாத்தான் தொட்டி அரிக்காது” என்றேன், மேற்பார்வைக்கு வந்திருந்த நான்.

“கரையறதுக்குன்னே எவனாச்சும் கம்பி போடுவானா சார்? இது உன் பேரன் காலத்துக்கும் கரையாது. நீ போய் நாஷ்டா துன்னுக்கினு வா.”

பக்கத்தில் நின்ற வார்டு நர்ஸும் சிரித்தாள். பித்தளை போட்டால் இரும்புத் தொட்டிதான் சீக்கிரம் அரிக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மக்னீசியம் மாட்டும்வரை தொட்டி சூடேறக் கூடாது என்று, சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் ஹீட்டரை அணைத்து, சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியோடு மணவாள நகர் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது அது துணிச்சலாகத் தோன்றியது. ஒரே இரவில் எந்தத் தொட்டியும் ஓட்டையாகிவிடாது. படித்த எனக்கு அது தெரியாதா?

விடிவதற்குள் ஒரு பிரசவம் இருக்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மார்கழிக் குளிர். ஊத்துக்கோட்டைக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் அந்தக் குழந்தையை... இல்லை, அடுப்பு மூட்டியிருப்பார்கள். மூட்டியிருக்க வேண்டும்.