கல்பனாவைத் தொட்ட யானை

செவ்வாய், இரவு.

ஃபேக்டரி லைனில் என் பக்கத்தில் நிற்கும் கல்பனா, முதுமலை யானை முகாமுக்குப் போய்விட்டு இன்று வேலைக்கு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு தரமாட்டார்கள். "நீ போடீ" என்று பெரிய மனசோடு சொன்னவள் நான்தான்.

வேலை முடிந்து திரும்பும்போது கம்பெனி பஸ் முழுக்க அவள் பேச்சுதான். பாகனிடம் கெஞ்சிக் கரும்பு கொடுத்தாளாம். தும்பிக்கை உள்ளங்கையைத் துழாவியதாம். "மூச்சு வுட்டுச்சு பாரு, அப்டியொரு சூடுடி! கைய கழுவவே மனசு வரல" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யானைன்னா அப்டித்தான் இருக்கும்" என்றேன், பத்து யானை வளர்த்தவள் மாதிரி.

பென்னலூர் வருவதற்குள் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். யாரும் பார்க்காதபோது அவள் உள்ளங்கையை எடுத்து முகர்ந்தேன். என் கையில் அடிக்கும் அதே கிரீஸ் நாற்றம்.

அப்பாடா என்றிருந்தது.